30,000 டிகிரியின் முகவரி

மின்னலைப் பற்றித் தமிழில் எதைப் புரட்டினாலும் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: மின்னலின் வெப்பம் சூரியனின் மேற்பரப்பைப்போல ஐந்து மடங்கு, அதாவது 30,000 டிகிரி. பொது அறிவுப் புத்தகத்தில் உண்டு, மழைக்காலத்து நாளிதழ்த் துணுக்கில் உண்டு. யார் அளந்தார், எதை வைத்து அளந்தார் என்பது மட்டும் எதிலும் கிடையாது. விமானங்களை மின்னலிலிருந்து காக்கும் ஏற்பாடுகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது அந்த எண் என்னை உறுத்த ஆரம்பித்தது. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். பயணிகள் விமானம் ஒவ்வொன்றும் சராசரியாக ஆண்டுக்கு ஒருமுறையாவது மின்னலை வாங்குகிறது. 30,000 டிகிரி வந்து தொட்ட பிறகும் பெரும்பாலும் சின்னத் தழும்புகளோடு இறங்கிவிடுகிறது. அப்படியானால் அந்த எண் எங்கிருந்து வந்தது?

கட்டுரைகளின் அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தால், பெரும்பாலான பாதைகள் 1968இல் போய் முட்டுகின்றன. அமெரிக்கரான ரிச்சர்ட் ஆர்வில் அந்த ஆண்டு வெளியிட்ட ஆய்வு அது. மின்னலின் ஒளியை நிறங்களாகப் பிரித்து, ஓடும் படச்சுருளில் சில மைக்ரோவிநாடிக்கு ஒரு பதிவாகப் பிடித்திருந்தார். அந்தப் பதிவிலிருந்து அவர் கணக்கிட்ட உச்சம் 28,000 முதல் 31,000 கெல்வின் வரை. அவருக்குச் சில ஆண்டுகள் முன்பு, 1963இல், மெல்வின் புரூயிட் கணக்கிட்டதோ ஏறக்குறைய 24,000 முதல் 28,000. நம் துணுக்குகளில் வரும் உருண்டையான எண்ணின் பிறப்பிடம் இந்த வட்டாரம்தான்.

இவர்களில் யாரும் மின்னலுக்குள் எதையும் நுழைக்கவில்லை. சூடான வாயு வெளியிடும் ஒளியில் அந்தந்தத் தனிமத்துக்குரிய கோடுகள் இருக்கும். காற்றில் நைட்ரஜன் அதிகம் என்பதால் மின்னலில் எலெக்ட்ரான் இழந்த நைட்ரஜனின் கோடுகள் தூக்கலாகத் தெரியும். வெப்பம் ஏற ஏற, அதிக ஆற்றல் தேவைப்படும் கோடு மற்றதைவிட வேகமாகப் பிரகாசமாகும். ஆகவே இரண்டு கோடுகளின் பிரகாசத்தை ஒப்பிட்டு, அந்த விகிதத்திலிருந்து வெப்பநிலையைக் கணக்கிட்டுவிடலாம். மின்னல் தடத்துக்குள் அணுக்களும் எலெக்ட்ரான்களும் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிட்டன என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு இது. அந்த அனுமானம் இல்லாமல் எண் இல்லை. இதை எந்தத் துணுக்கும் சொல்வதில்லை, சொன்னால் துணுக்காக இருக்காது.

இன்னும் பின்னால் போனபோது, எதிர்பாராத இடத்தில், நம் பக்கத்து ஆள் ஒருவர் அகப்பட்டார். லெப்டினன்ட் ஜான் ஹெர்ஷல். யுரேனஸைக் கண்டுபிடித்தவரின் பேரன், இந்திய முக்கோணவியல் அளவைப் பணியில் இருந்த ராணுவப் பொறியாளர். 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழு சூரிய கிரகணத்தைப் பார்க்க இன்றைய கர்நாடகத்தின் ஜம்கண்டியில் நிறமாலைக் கருவியோடு முகாமிட்டவர். அந்தக் கிரகணத்தைப் பற்றி எழுதுபவர்கள் குண்டூரில் இருந்த ஜான்சனைச் சொல்வார்கள், மசூலிப்பட்டினத்தில் இருந்த, சென்னை வானாய்வகத்தின் போக்சனைச் சொல்வார்கள், ஹெர்ஷலைப் போகிறபோக்கில் தொட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அவர் முக்கியமாகப்பட்டது கிரகணத்துக்காக அல்ல. அதே ஆண்டில் அவர் மின்னலின் நிறமாலையையும் பார்த்து ராயல் சொசைட்டிக்கு எழுதினார். நைட்ரஜன் கோடு ஒன்றுதான் எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று இருக்கிறது என்றார். கோடுகளின் ஒப்புப் பிரகாசம் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்றும் கவனித்தார். நூறாண்டு கழித்து ஆர்வில் வெப்பமானியாகப் பயன்படுத்தியது அந்த விகிதத்தைத்தான்.

சரி, எண் உண்மை. ஆனால் ஆர்வில் அதை எவ்வளவு நேரத்துக்குச் சொன்னார் என்று பார்த்தால் விஷயம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. அந்த உச்சம் முதல் சில மைக்ரோவிநாடிகளுக்குத்தான். சில பத்து மைக்ரோவிநாடிகளுக்குள் பல ஆயிரம் டிகிரி இறங்கிவிடுகிறது. கற்பூரத் தட்டில் கையை ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொள்ளும் யாரும் சுட்டுக்கொள்வதில்லை. அதே சுடர்மேல் கையை வைத்தபடி ஐந்து விநாடி நின்றால் தெரியும்.

அப்படியென்றால் விமானத் தகட்டில் ஓட்டை போடுவது எது? இந்தக் கேள்வி என்னை வேறொரு ஊருக்கு இட்டுச் சென்றது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள பிட்ஸ்ஃபீல்டு. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் உயர் மின்னழுத்த ஆய்வகம் அங்கே இருந்தது. மெக்கெக்ரனும் ஹாகன்கூத்தும் மெல்லிய உலோகத் தகடுகளின் மேல் மின்னல் என்ன செய்கிறது என்று ஆராய்ந்து 1942இல் வெளியிட்டார்கள். இந்தத் துறையில் நான் படித்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். ஓட்டையின் அளவு மின்னோட்டத்தின் உச்சத்தைப் பொறுத்ததல்ல, அந்த இடத்தின் வழியாக மொத்தம் எவ்வளவு மின்னூட்டம் பாய்ந்தது என்பதைப் பொறுத்தது. இரண்டு லட்சம் ஆம்பியர் கண்ணிமைக்குமுன் வந்து போனால் தகட்டை நசுக்கும், கிழிக்கும், மூட்டுகளைப் பிய்க்கும், ஆனால் அதிகம் உருக்காது. அதன் வாலாக ஒரு சில நூறு ஆம்பியர் கால் விநாடி, அரை விநாடி அதே புள்ளியில் தங்கினால் போதும், தகடு உருகி ஓட்டை விழும். மின்வில், அதாவது காற்றில் மின்னோட்டம் பாயும் தடம், உலோகத்தைத் தொடும் இடத்தில் பத்து வோல்ட் அளவுக்கு ஓர் இழப்பு உண்டு. அதோடு பாய்ந்த மின்னூட்டத்தைப் பெருக்கினால் உலோகத்துக்குள் இறங்கும் வெப்பம் தோராயமாகக் கிடைத்துவிடும். அந்தப் பெருக்கலில் 30,000 எங்குமே வருவதில்லை.

விமானம் சும்மா நிற்பதில்லை என்பது இதற்கு அடுத்த படி. மின்னல் தடம் காற்றில் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்க, விமானம் அதனூடே முன்னேறுகிறது. மூக்கில் பிடித்த மின்வில் உடலின் மேல் தத்தித் தத்திப் பின்னோக்கிப் போகும். ஒவ்வொரு புள்ளியிலும் தங்கும் நேரம் சில மில்லிவிநாடி. மின்னல் பட்ட விமானத்தை இறங்கியதும் சோதிக்கும் பராமரிப்புப் பொறியாளர்கள் தேடுவதும் இதைத்தான்: மூக்கிலிருந்து பின்னால் வரிசையாக, ரிவெட்டுத் தலைகளில், மிளகளவு கருகிய புள்ளிகள். வேடிக்கை என்னவென்றால் கனமான பெயின்ட் இருந்தால் மின்வில்லால் சுலபமாக அடுத்த புள்ளிக்குத் தாவ முடியாது, ஒரே இடத்தில் அதிக நேரம் தங்கிச் சேதத்தைக் கூட்டும். தாவ வேறு இடமே இல்லாதவை இறக்கையின் பின்னோரமும் வால் நுனியும். மின்வில் அங்கே வந்தால் கடைசிவரை தொங்கிக்கொண்டிருக்கும். எரிபொருள் தொட்டியின் மேல் தகடு அலுமினியத்தில் 2 மில்லிமீட்டர் இருந்தால் போதும் என்று பல காலம் ஒரு விதி புழங்கியது. அது மின்வில் வழுக்கிச் செல்லும் பரப்புக்குப் பொருந்தும், தொங்கி நிற்கும் பின்னோரத்துக்குப் பொருந்தாது.

இவ்வளவும் 1963 டிசம்பர் 8ஆம் தேதிக்கு முன்பே ஓரளவு தெரிந்திருந்தது என்பதுதான் எனக்கு ஜீரணமாகவில்லை. அன்றிரவு பான் ஆம் நிறுவனத்தின் 214ஆம் எண் பயணத்தில் இருந்த போயிங் 707, பால்டிமோரிலிருந்து பிலடெல்பியாவுக்குப் போகும் வழியில், வானிலை தெளியக் காத்து வட்டமிட்டபோது, மேரிலாந்தின் எல்க்டன் அருகே நொறுங்கி விழுந்தது. 81 பேரும் இறந்தார்கள். இடது இறக்கையின் வெளித் தொட்டியில் இருந்த எரிபொருள் ஆவியை மின்னல் பற்றவைத்தது என்று விசாரணை முடிவு செய்தது. இறக்கை நுனியில் மின்னல் பட்ட தடயங்கள் இருந்தன, தீப்பொறி எந்த வழியாக உள்ளே போனது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அடுத்த சில நாள்களில், நிலை மின்சாரத்தை வடிக்கும் திரிகள் இல்லாத சுமார் நூறு போயிங் ஜெட்டுகளிலும் அவற்றைப் பொருத்தும்படி அமெரிக்க அரசு சொன்னது. அந்தத் திரிகள் வானொலி இரைச்சலைக் குறைக்க வந்தவை, மின்னலைத் தாங்க அல்ல என்று விமானத் துறையினர் அப்போதே முணுமுணுத்தார்கள். அவர்கள் சொன்னது சரி. இன்றும் இறக்கையின் பின்னோரத்தில் அந்தக் குச்சிகளைக் காட்டி ‘இதுதான் இடிதாங்கி’ என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னால் நான் திருத்துவதில்லை. பறக்கும்போது யாருடைய நிம்மதியையும் கெடுக்கக் கூடாது.

உண்மையான பாடம் மெதுவாகத்தான் வந்தது. தொட்டியின் மூடிகள், காற்றுப்போக்கிகள், குழாய் இணைப்புகள், ஆணிகள் என்று தீப்பொறி தாவக்கூடிய ஒவ்வோர் இடைவெளியையும் அடைப்பது. 1980 முதல் 1986 வரை நாசா ஓர் எஃப்-106 போர் விமானத்தை வேண்டுமென்றே இடிமேகங்களுக்குள் ஓட்டி 714 முறை மின்னல் வாங்கவைத்தது. 1984இல் ஒரே பயணத்தில் 72 தடவை. அந்த மின்னல்களில் பெரும்பாலானவை விமானம் அங்கே வந்ததாலேயே பிறந்தவை என்று தெரிந்தது. அதாவது, விமானம் மின்னலின் வழியில் அகப்படுவதைவிட, தானே அதைத் தூண்டிவிடுவதுதான் அதிகம்.

இன்று ஒரு விமானத்துக்குச் சான்று வழங்கும்போது பார்க்கும் மின்னல் அட்டவணையில் டிகிரிக்கு ஒரு நிரல்கூடக் கிடையாது. முதல் அடி 2 லட்சம் ஆம்பியர். தொடரும் மின்னோட்டம் 200 முதல் 800 ஆம்பியர், மொத்த மின்னூட்டம் 200 கூலும். இவ்வளவு மில்லிவிநாடி, இவ்வளவு ஆற்றல் என்றுதான் பேச்சு. பிட்ஸ்ஃபீல்டின் வாரிசு அது, ஆர்விலின் வாரிசு அல்ல.

ஆனால் ஆர்விலின் முறை இப்போது வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. போயிங் 787இன் எடையில் பாதி கார்பன் இழைக் கலவை. அது அலுமினியத்தைப்போல மின்சாரத்தைக் கடத்தாது, சூடேறினால் பிசின் ஆவியாகி அடுக்குகள் பிரியும். அதனால் மேற்பரப்புக்கு அடியில் மெல்லிய தாமிர வலை ஒன்றைப் பதிக்கிறார்கள். மின்னல் வந்தால் வலை ஆவியாகித் தன்னைக் கொடுத்துவிட்டு, அடியிலிருக்கும் இழையைக் காப்பாற்றும். அந்த நொடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க, வேல்ஸில் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வகம் போன்ற இடங்களில் ஒரு லட்சம் ஆம்பியர் செயற்கை மின்னலின் ஒளியை நிறமாலைக் கருவியில் பிடிக்கிறார்கள். நைட்ரஜன் கோடுகளோடு மின்முனை உலோகத்தின் கோடுகளும் அதில் தெரிகின்றன. எது எப்போது கருகத் தொடங்கியது என்பதை ஒளியை வைத்தே சொல்லிவிட முடியுமா என்பதுதான் இப்போதைய கேள்வி. பராமரிப்புக் கூடத்திலோ வேலை பழைய மாதிரியேதான்: கருகிய வலையை வெட்டி எடுத்து, புதுத் துண்டைப் பதித்து, மின்தொடர்ச்சி இருக்கிறதா என்று மில்லி ஓமில் அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள்.