ஆற்றுப் பாசி

கலாச்சாரத்தை 'அனுபவிக்க' வாருங்கள் என்றுதான் பிரயாண விளம்பரங்கள் எல்லாம் கூப்பிடுகின்றன. இலக்கிய விமர்சனத்திலும் அனுபவம் என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. மேகாங் நதியில் இரண்டு நாள் போய்வந்த பிறகு, அந்தச் சொல்லின் எல்லையைப் பற்றி யோசிக்கத் தோன்றுகிறது.

2018 பிப்ரவரியில், பாங்கில் சேர்ந்திருந்த லீவில், லாவோஸின் ஹுவாய் சாயிலிருந்து லுவாங் பிரபாங்குக்குப் படகில் போனேன். நீண்டு ஒடுங்கிய மரப்படகு. இரவு பாக்பெங்கில் தங்கல். வழியில் மணற்கரையில் மூக்கை முட்டிப் படகு நிற்கும். துறை என்று எதுவும் தெரியாது. அரிசி மூட்டையோடு இறங்குகிறவர்கள் திரும்பிப் பாராமல் மேடேறிப் போவார்கள்.

லுவாங் பிரபாங் 1995 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் ஊர். விடியலில் பிக்ஷுக்கள் வரிசையாகப் பிச்சைக்கு வருகிறார்கள். எதிரில் காமிராக்கள் வரிசையாகக் காத்திருக்கின்றன. சடங்கு எந்த வரிசையில் நடக்கிறது என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அதே ஊரில் சாப்பாட்டுடன் 'காய்பென்' வைத்தார்கள். ஆற்றுப் பாசியை எள், பூண்டு, தக்காளி சேர்த்துத் தகடாக உலர்த்தி, அப்பளம் மாதிரிப் பொரித்தது. யாரும் அதைப் படம் எடுக்கவில்லை. மழைக்காலம் போய் நீர் வடிந்ததும் பாறைகளிலிருந்து பெண்கள் பாசி சேகரிக்கிறார்கள். நீர் விட்டுப்போன கரைச் சரிவில், வண்டலில், காய்கறி போடுகிறார்கள். நதி ஏறி இறங்குகிற கணக்கில்தான் உழைப்பும் சாப்பாடும்.

2019-ல், ஊருக்குக் கீழே, சாயபுரி அணை இயங்க ஆரம்பித்தது. 1,285 மெகாவாட், பெரும்பகுதி தாய்லாந்துக்கு விற்பனை. அணைக்கு மேலே வெகுதூரத்துக்கு நதி வேகம் இழந்துவிட்டது. ஊருக்கு மேலே, சுமார் 25 கிலோமீட்டரில், இன்னோர் அணைக்கும் வேலை நடக்கிறது. இந்தப் பாசிக்கோ ஓடுகிற நீர் வேண்டும். வெளிச்சம் அடிப்பாறை வரை போகவேண்டும்.

கோயில்களுக்குப் பட்டியல் இருக்கிறது. நீரின் வேகத்தை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? கலாச்சாரத்தைச் சிற்பத்திலும் பிரதியிலும் தேடிப் பழகியது நம் விமர்சனம். ஒரு சமூகத்தின் ருசி, அதன் வருஷக் கணக்கு, பெண்களின் கைப்பழக்கம் எல்லாம் ஓர் ஓட்டத்தின் வேகத்தைச் சார்ந்து நிற்கலாம் என்பதற்கு அதில் இன்னும் இடம் ஏற்படவில்லை. நின்றுபோன நீரின் கரையிலும் பிக்ஷுக்கள் காலையில் வருவார்கள். காமிராக்களும் வரும். இலையில் பாசி இல்லாததை வெளியூர்க்காரன் எவனும் கவனிக்கப் போவதில்லை.