பீங்கான் ஊரில் பனிக்காலம்

விருத்தாசலம் என்றதும் பலருக்கு ரயில் ஜங்ஷன்தான் ஞாபகத்துக்கு வரும். விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என்று நாலு பக்கமும் இங்கிருந்து தண்டவாளம் போகிறது. பக்தி உள்ளவர்களுக்குப் பழமலைநாதர் கோயில். எனக்கோ அந்த ஊர் என்றால் என் நாத்தனார் வீடு! அவள் பீங்கான் பட்டறைக்கு வேலைக்குப் போகிறவள். மூத்தவன் ஏழாம் வகுப்பு, சின்னவள் மூன்றாம் வகுப்பு. கார்த்திகை தீபத்துக்கு ஒரு வாரம் முன்னதாக அங்கே போய் நாலு நாள் தங்கினேன். வெளியே விடாத தூறல். உள்ளே அரையாண்டுப் பரீட்சைப் பாடம்!

இந்த ஊருக்குப் பீங்கான் எப்படி வந்தது தெரியுமா? பக்கத்திலேயே நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரியை எடுக்க மேல் மண்ணை அகற்றும்போது நல்ல வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. அதை நம்பி இங்கே பீங்கான் தொழிற்பேட்டை உண்டாயிற்று. மின்சார ஃபியூஸ் கட்டைகள், பொம்மைகள், அகல் விளக்குகள் என்று பலதும் இங்கே தயாராகின்றன. பீங்கான் தொழிலுக்கென்றே டிப்ளமா சொல்லித் தரும் கல்லூரியும் இருக்கிறது.

ஒரு நாள் நாத்தனாரோடு பட்டறைக்குப் போனேன். களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் பொடிகளைத் தண்ணீரில் கலந்து, தோசை மாவைவிடக் கொஞ்சம் நீர்க்கக் குழம்பாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, ஓரத்தில் மண் படிந்து உருவமாகிறது. மிச்சக் குழம்பைக் கொட்டிவிட்டு, அச்சைப் பிரித்தால் பொம்மை ரெடி! பிறகு நிழலில் உலர்த்தி, கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சுக் கொடுத்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் எரியும் சூளையில் வேக வைக்கிறார்கள்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது அல்லவா? சங்கடம் என்னவென்றால், அகல் விளக்குக்குக் கிராக்கி வருவதே மழை மாதத்தில்தான். ஈரக் காற்றில் அச்சும் உலராது, வார்த்த விளக்கும் உலராது. அவசரப்பட்டு ஈரத்தோடு சூளைக்குள் வைத்தால் வெடித்துவிடும். "வெயில் காலத்துல ஊத்துறதுல பாதிதான் அண்ணி இப்ப ஊத்த முடியுது. நமக்கு எண்ணிக்கைக் கூலி. மழை பெஞ்சா கூலியும் நனைஞ்சு போயிடும்" என்று சிரித்தாள்.

அதே பட்டறையில் பொடி சலிக்கும் இடத்துக்கு ஆள் கேட்டார்களாம். கூரைக்குள் வேலை, மழைக்கும் வெயிலுக்கும் ஒரே கூலி, அதுவும் கொஞ்சம் அதிகம். இவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஏனென்று கேட்டேன்.

"சின்னதுக்கு இந்த மாசம் வந்தாலே இளைப்பு அண்ணி. டாக்டரம்மா தூசியே கூடாதுங்கறாங்க. நான் பொடியில நின்னுட்டு வந்து அவளைத் தூக்குனா என்ன ஆவுறது? என் நெஞ்சும் கெட்டுப்போவும். ஈர மண்ணு கையிலதான் ஒட்டும். காஞ்ச மண்ணு நெஞ்சுல ஒட்டும்."

எவ்வளவு பெரிய உண்மையை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! அந்தப் பொடியில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூசியை வருஷக்கணக்காகச் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும். வந்தபின் அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது; வராமல் காப்பதுதான் வழி. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொள்வது இதற்குப் போதாது.

அவள் வீட்டு நடைமுறையைப் பார்த்து அசந்து போனேன். பட்டறையிலிருந்து வந்ததும், எதிரே ஓடிவரும் மகளை "இரு கண்ணு" என்று நிறுத்திவிட்டு நேரே பின்கட்டுக்குப் போகிறாள். புடவையை உதறுவதே இல்லை. அப்படியே தனி வாளியில் முக்கிவிடுகிறாள். கை கால் முகம் கழுவி, வேறு புடவை கட்டிய பிறகுதான் மகளுக்கு மடி! வீட்டை விளக்குமாற்றால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பதே அதிகம். மழையில் நனைந்த மகளின் இரட்டைப் பின்னலை அவிழ்த்து, துண்டால் துவட்டி ஆற விடுகிறாள். சாம்பிராணிப் புகையோ கொசுவர்த்தியோ கிடையாது, இரண்டும் இளைப்பைக் கிளறிவிடும் என்று. கொசுவுக்கு வலைதான்.

சாயங்காலம் அவித்த வேர்க்கடலை, ராத்திரி மிளகு ரசம். பையன் வாய்ப்பாடு ஒப்பிக்க, சின்னவள் பீங்கான் அகலுக்குக் கலர் தீட்ட, வீடு கதகதப்பாக இருந்தது. நம் ஊர்க் குளிர் என்ன, காஷ்மீர்க் குளிரா? ஆனால் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு எல்லோரும் ஓர் அறையில் முடங்கும் காலம் இது. வீட்டுத் தூசியும் புகையும் நேரே பிள்ளைகளின் நெஞ்சுக்குத்தான் போகும்.

ஞாயிற்றுக்கிழமை பழமலைநாதரைத் தரிசித்தோம். இங்கே எல்லாமே ஐந்து. கோபுரம் ஐந்து, பிரகாரம் ஐந்து, தேர் ஐந்து. படியிறங்கிப் போய் ஆழத்துப் பிள்ளையாரைக் கும்பிட்டோம். விபசித்து முனிவர் இந்தக் கோயிலைத் திருப்பணி செய்தபோது, வேலை செய்தவர்களுக்கு வன்னி இலையைக் கூலியாகக் கொடுத்தாராம். அவரவர் உழைப்புக்குத் தக்கபடி அது பொன்னாக மாறியதாம். "எனக்கும் ரெண்டு இலை கெடைச்சா தேவலை" என்றாள் நாத்தனார், வன்னி மரத்தைப் பார்த்தபடி.

சகோதரிகளே, பட்டறைக்குப் போகாத நமக்கும் இதில் பாடம் உண்டு. கணவர் சிமெண்ட், கல், மர வேலை செய்பவராக இருந்தால், அந்தத் துணிகளைக் குழந்தைகள் துணியோடு சேர்க்காதீர்கள். வீட்டுக்குள் உதறவும் வேண்டாம். இருமும் குழந்தைக்கு வேகமாக மூச்சு வாங்கினாலோ, விலா எலும்புக்கு அடியில் குழி விழுந்தாலோ, கஷாயத்தோடு காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள்.

கார்த்திகைக்குப் பீங்கான் அகல் வாங்கினால் ஒரு லாபம்: உள்ளே கிளேஸ் பூசியிருப்பதால் மண் அகல் போல எண்ணெயைக் குடிக்காது. வருஷா வருஷம் கழுவித் துடைத்து ஏற்றலாம். அழகுப் பொருளாக விற்கும் பீங்கானில் மட்டும் ஊறுகாய், புளி வைக்காதீர்கள். சில பூச்சுகளில் ஈயம் இருக்கும், புளிப்பு அதை இறக்கிவிடும். விளக்கு வாங்கும்போது கடைக்காரரிடம் ரொம்பப் பேரம் பேச வேண்டாம். மழைக்கு நடுவே அதை உலர்த்தி எடுத்தவள் வீட்டிலும், ஃபீஸ் கட்ட வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள்.