மேக்கன் கண்டோம்

அமெரிக்க ஐக்கிய நாட்டுக்குச் சென்று வரும் நம்மவர்கள் நயாகரா அருவியையும் வாஷிங்டன் நகரத்து வெள்ளை மாளிகையையும் பற்றி எழுதுவது வழக்கம். இவ்விதழ் நேயர்களும் அத்தகைய கட்டுரைகள் பலவற்றைப் படித்திருப்பார்கள். நாம் எழுதப் புகுவதோ நம்மவர் பெரும்பாலும் நாடாத ஓர் ஊரைப் பற்றி. ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 135 கிலோமீட்டர் தொலைவில், ஓக்மல்கி என்னும் ஆற்றின் கரையில் அமைந்துள்ளது மேக்கன் நகரம். 2024 ஜூன் மாதத்தில் நாம் அங்கே சென்றது நம் விருப்பத்தால் அன்று, தம்பியின் பிடிவாதத்தால்.

தம்பியைப் பற்றி முதலில் கூறிவிட வேண்டும். 1973 இல் நம் குடும்பம் மாதுங்காவில் ஒற்றை அறையில் குடியிருந்தது. எழுவர் வாழ்ந்த அந்த அறையில், கப்பலில் பணியாற்றிய நண்பன் ஒருவன் கொணர்ந்து கொடுத்த இரட்டை இசைத்தட்டு ஒன்றைத் தம்பி இரவல் வாங்கிய கிராமபோனில் ஓயாமல் வைத்துக் கேட்பான். ஆல்மன் சகோதரர் இசைக்குழுவினர் நியூயார்க்கில் பில்மோர் ஈஸ்ட் என்னும் அரங்கில் நிகழ்த்திய கச்சேரியின் பதிவு அது. அந்நாளில் அவன் மிருதங்கம் பயின்று கொண்டிருந்தான். வாத்தியார் கொடுத்த பாடத்தைச் சாதகம் செய்ய வேண்டிய நேரத்தில் இதனைக் கேட்பான். நாம் அதனை இரைச்சல் என்றோம். அவன் மறுமொழி கூறமாட்டான். ஒலியைச் சற்றே குறைப்பான், அவ்வளவுதான். 1977 இல் டோம்பிவிலிக்கு வீடு மாற்றியபோது அத்தட்டு தொலைந்துவிட்டது என்பது குடும்பத்தில் நிலவிய கருத்து. அதனைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

தம்பியின் மகள் அட்லாண்டாவில் வேலையில் இருக்கிறாள். அவளைக் காணச் சென்ற இடத்தில், “பெரியப்பா, அப்பாவை மேக்கனுக்கு அழைத்துப் போகாவிட்டால் நமக்கு நிம்மதி இல்லை” என்று கூறிக் காரை எடுத்தாள்.

வழியில் தம்பி ஒரு சொற்பொழிவே நிகழ்த்திவிட்டான். அதன் சாரம் இது. 1969 மார்ச்சு மாதத்தில் புளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரில் அறுவர் கூடி அமைத்தது இக்குழு. கிதார் வாசித்த டுவேன் ஆல்மன், பாடகரும் ஆர்கன் வாத்தியக்காரருமான அவர் தம்பி கிரெக், மற்றொரு கிதார்க்காரர் டிக்கி பெட்ஸ், பேஸ் கிதார் வாசித்த பெர்ரி ஓக்லி, டிரம் வாசிக்க ஒருவருக்கு இருவராகப் புட்ச் டிரக்ஸும் ஜெய்மோவும். இவர்களுள் ஜெய்மோ கறுப்பினத்தவர், ஏனையோர் வெள்ளையர். நிற வேற்றுமையைச் சட்டம் விலக்கிய 1964 ஆம் ஆண்டுக்குப் பின் ஐந்தே ஆண்டுகள் கழிந்திருந்த ஜார்ஜியாவில் இவர்கள் ஒன்றாய்த் தங்கி, ஒன்றாய் உண்டு, ஒன்றாய் ஊர் சுற்றினார்கள்.

இவர்கள் மேக்கனுக்கு வந்தது பில் வால்டன் என்பவரால். அவர் அவ்வூர்க்காரர். ஓட்டிஸ் ரெடிங் என்னும் புகழ்பெற்ற கறுப்பினப் பாடகரின் மேலாளராக இருந்தவர். 1967 டிசம்பரில் ரெடிங் தமது 26 ஆம் வயதில் விமான விபத்தில் மாண்டார். அந்த இழப்பால் மனம் தளர்ந்திருந்த வால்டன், அலபாமாவின் மசில் ஷோல்ஸ் பகுதியில் பிறருடைய பதிவுகளுக்குக் கூலிக்கு வாசித்து வந்த டுவேனின் கிதாரைக் கேட்டார். அவரைச் சுற்றி ஒரு குழு அமையத் துணை நின்றார். அதற்காகவே கேப்ரிகார்ன் என்னும் இசைத்தட்டு நிறுவனம் எழுந்தது. சிறியதோர் ஊர், தெற்கத்திய ராக் எனப் பிறர் பெயரிட்ட ஓர் இசைவகைக்குத் தலைநகராயிற்று. அப்பெயர் கிரெக் ஆல்மனுக்குப் பிடிப்பதில்லை. ராக் இசை பிறந்ததே தெற்கில்தான், பின் எதற்கு அந்த அடைமொழி என்பது அவர் வாதம். நியாயமான வாதமே.

வைன்வில் அவென்யூவில் 2321 ஆம் எண்ணுள்ள பெரிய வீடு ஒன்றில் இவர்கள் 1970 முதல் 1973 வரை குடும்பங்களோடு வாழ்ந்தார்கள். அதனைப் பெரிய வீடு என்றே எல்லாரும் அழைக்கிறார்கள். குழுவின் நீண்டநாள் ஊழியர் ஒருவரும் அவர் மனைவியும் 1993 இல் அதனை வாங்கிப் பேணினர்; 2009 டிசம்பரில் அது காட்சிசாலையாகத் திறக்கப்பட்டது. கிதார்களும் உடைகளும் கடிதங்களும் கண்ணாடிப் பேழைகளில் இருக்கின்றன. டுவேன் தம் விரலில் மாட்டிக்கொண்டு தந்தியின்மேல் வழுக்கி வாசித்தது சளி மருந்து வந்த ஒரு சிறு கண்ணாடிப் புட்டி என்று அங்கே அறிந்தோம். நம் கோட்டுவாத்தியத்தில் மரக்கட்டையைத் தந்தியின்மேல் நகர்த்தி எழுப்பும் அதே இழைவு! இத்தனை ஆண்டுகள் இரைச்சல் என்று எண்ணியதில் ஒரு கமகம் இருந்திருக்கிறது என்பதை எழுபது வயதுக்கு மேல் அறிவது சற்று வெட்கத்துக்குரியதே.

வீட்டின் முன்தாழ்வாரத்தில் ரசிகர்கள் சிலர் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தனர். ஒருவர் வெண்தாடி வைத்த முதியவர், தச்சுத் தொழிலாளியாம். மற்றொருவர் ஒஹையோவிலிருந்து வந்த பள்ளி ஆசிரியை. அவர்களோடு கல்லூரி மாணவன் ஒருவன். பம்பாயிலிருந்து இக்குழுவுக்காக வந்திருக்கிறோம் என்றதும் நாற்காலிகளை நகர்த்தி இடம் கொடுத்தார்கள். பேச்சு, நம் ஊரில் இரு சங்கீத ரசிகர்கள் ஒரு வித்துவானைப் பற்றி வாதிடுவதை அப்படியே ஒத்திருந்தது. அதே சூடு, அதே புள்ளிவிவரம், அதே விட்டுக்கொடாமை.

முதியவரின் கட்சி எளியது. 1971 மார்ச்சு 12, 13 ஆகிய இரு நாட்களின் கச்சேரிகளிலிருந்து டாம் டவுட் என்னும் பதிவாளர் தேர்ந்தெடுத்த ஏழு உருப்படிகள் கொண்ட அந்த இரட்டைத் தட்டே குழுவின் முழு உருவம். மற்றவை யாவும் அதன் நிழல். அந்நாட்களில் கச்சேரி முடிந்ததும் குழுவினர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்று அன்று வாசித்ததைக் கேட்டு, மறுநாள் எதனை மீண்டும் வாசிப்பது என்று முடிவு செய்வார்களாம். கடைசி நிகழ்ச்சி, வெடிகுண்டு மிரட்டலால் தாமதமாகத் தொடங்கிக் காலை ஆறு மணிக்கு முடிந்தது. திருவிழாவில் விடிய விடிய நாகசுரம் கேட்ட தலைமுறையைச் சேர்ந்த நமக்கு இது வியப்பளிக்கவில்லை. நியூயார்க்கிலும் அத்தகைய கூட்டம் இருந்தது என்பதுதான் வியப்பு.

ஆசிரியை இதனை ஒப்பவில்லை. 2014 இல் அந்நாட்களின் கச்சேரிகள் ஆறு தட்டுகளாக வெளிவந்தன. அவற்றைக் கேட்ட பின்னர் பழைய தட்டைச் சுருக்கம் என்றே கொள்ள வேண்டும் என்றார். அதற்குச் சான்றாக அவர் கூறியதுதான் தம்பியை நிமிர்ந்து உட்காரச் செய்தது. முதல் பக்கத்தில் வரும் ‘ஸ்டார்மி மண்டே’ என்னும் பாட்டில் தாம் டூசெட் என்பவர் மவுத் ஆர்கன் வாசித்த ஒரு பகுதி 1971 இல் வெட்டப்பட்டது. 1992 இல் வந்த பதிப்பில்தான் அது மீண்டும் சேர்க்கப்பட்டது. எட்டரை நிமிடப் பாட்டு பத்து நிமிடத்துக்கும் மேலாக நீண்டது.

தம்பி இதனை அறியாதவன் அல்லன்; எனினும் வெட்டப்பட்ட பகுதியை அவன் விரும்பிக் கேட்டதே இல்லையாம். “நான் மனப்பாடம் செய்ததில் அது இல்லை” என்றான். “வாசித்தவருக்கு அது அநீதி அல்லவா?” என்று ஆசிரியை கேட்டார். தம்பி நெடுநேரம் பேசாமல் இருந்து, “அநீதிதான்” என்றான். நம் கருத்தையும் கேட்டார்கள். நமக்குத் தோன்றியது இது: கச்சேரி என்பது நிகழ்ந்தது, தட்டு என்பது ஆக்கப்பட்டது. எதை விடுவது என்று தேர்ந்தவனும் ஆக்கியோருள் ஒருவன். ஆதலால் பழைய தட்டு பொய் ஆகாது. ஆனால் நாம் இசையறிவு குன்றியவர். இக்கருத்துக்கு அங்கே பெரிய மதிப்பில்லை.

மாணவனின் கட்சி வேறு. டுவேனை அவன் கடவுள் என்றே ஒப்புக்கொண்டான். ஆயினும் அவர் இக்குழுவில் வாசித்தது இரண்டரை ஆண்டுகளே. குழு பிரிந்தும் கூடியும் வாழ்ந்தது நாற்பத்தைந்து ஆண்டுகள். டுவேன் மறைந்த பின்னர்தான் 1973 இல் ‘ராம்ப்ளின் மேன்’ என்னும் பாட்டு நாடெங்கும் பரவி விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் பெற்றது. அவ்வாண்டு ஜூலையில் வாட்கின்ஸ் கிளென் என்னுமிடத்தில் இவர்களும் வேறிரு குழுக்களும் வாசித்ததைக் கேட்க ஆறு லட்சம் பேர் கூடினர் என்பர். பிற்காலத்தில் புட்ச் டிரக்ஸின் உறவினரான டெரக் டிரக்ஸ் என்னும் இளைஞர் வந்து சேர்ந்தார். அலி அக்பர் கானின் சரோத் இசையைக் கேட்டுக் கேட்டுத் தம் வாசிப்பை வளர்த்துக்கொண்டவர் அவர். நிறுவியவர் போனால் குழு முடிந்தது என்றால், இவரெல்லாம் வந்து சேர இடம் ஏது என்று மாணவன் கேட்டான். முதியவர் தலையை ஆட்டினார். ஆம் என்பதற்கா, இல்லை என்பதற்கா என்று தெரியவில்லை.

அப்போதுதான் தம்பி தன் வித்தையைக் காட்டினான். நான்காம் பக்கம் முழுவதையும் நிரப்பி நிற்கும் ‘விப்பிங் போஸ்ட்’ இருபத்திரண்டு நிமிடத்துக்கும் மேற்பட்ட உருப்படி. அதன் தொடக்கத்தில் பெர்ரி ஓக்லியின் பேஸ் கிதார் மும்மூன்றாக மூன்று முறையும், பின் இரண்டுமாக, பதினொன்று எண்ணிக்கையில் சுழலும். எழுதிய கிரெக்குக்கே அது பதினொன்று என்று தெரியாது. அண்ணன் டுவேன்தான் எண்ணிச் சொன்னாராம். தம்பி நாற்காலியின் கைப்பிடியில் தகிட தகிட தகிட தக என்று தட்டிக்காட்டினான். முதியவர் இரண்டாம் சுற்றில் தம் முழங்காலில் தட்டிச் சேர்ந்துகொண்டார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மிருதங்கப் பாடத்தைப் புறக்கணித்து அவன் எதனைக் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது நமக்கு அன்றே விளங்கிற்று. அவன் பாடத்தைப் புறக்கணிக்கவே இல்லை.

நண்பகல் உணவுக்கு எச் அண்டு எச் என்னும் விடுதிக்குச் சென்றோம். 1959 இல் ஐனஸ் ஹில், லூயிஸ் ஹட்சன் என்னும் கறுப்பினப் பெண்மணிகள் இருவர் தொடங்கியது. குழுவினர் கையில் காசின்றி இருந்த தொடக்க நாட்களில், இரு தட்டுச் சோற்றுக்கான பணத்துடன் வந்து அனைவரும் பகிர்ந்துண்ண முயன்றார்களாம். லூயிஸ் அம்மையார் ஆளுக்கொரு தட்டு வைத்தார். பின்னர்ப் புகழ் வந்தபோது குழுவினர் அவரைத் தம் சுற்றுப்பயணத்துக்கே அழைத்துச் சென்றனர். அம்மையார் 2022 இல் மறைந்தார். வேற்றூரில் முதல் மாதச் சம்பளம் வரும்வரை கடனுக்குச் சோறிட்ட மெஸ் ஒன்றை நம் நேயர்களுள் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். நாம் புலால் உண்ணாதவர் ஆதலால் சோளரொட்டியோடு நிறுத்திக்கொண்டோம்.

மாலையில் ரோஸ் ஹில் கல்லறைத் தோட்டம். 1840 இல் அமைத்தது. மேட்டிலிருந்து படிப்படியாக ஆற்றை நோக்கி இறங்குகிறது. கரையை ஒட்டி இருப்புப்பாதை. இளமையில் குழுவினர் இரவில் இங்கே வந்து அமர்ந்து பாட்டு அமைப்பார்களாம். டிக்கி பெட்ஸ் தாம் நினைத்து அமைத்த பெண்ணின் பெயரை வெளியிட விரும்பாமல், இங்குள்ள கல் ஒன்றில் கண்ட எலிசபெத் ரீட் என்னும் பெயரைத் தம் உருப்படிக்கு இட்டார். தொடர்பே இல்லாத அம்மூதாட்டியின் கல்லைத் தேடி இன்று மக்கள் வருகின்றனர்.

1971 அக்டோபர் 29 அன்று டுவேன் மேக்கன் தெரு ஒன்றில் மோட்டார் சைக்கிளில் சென்றபோது லாரியால் நேர்ந்த விபத்தில் மாண்டார். வயது 24. இரட்டைத் தட்டு வெளிவந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. 1972 நவம்பர் 11 அன்று, அங்கிருந்து சில தெருக்கள் தள்ளி, ஓக்லியின் மோட்டார் சைக்கிள் பேருந்தில் மோதியது. அவருக்கும் வயது 24. இருவரையும் அருகருகே அடக்கம் செய்திருக்கிறார்கள். 2017 இல் கிரெக்கும் வந்து சேர்ந்தார். அதே ஆண்டில் புட்ச் டிரக்ஸும், 2024 ஏப்ரலில் பெட்ஸும் மறைந்தனர். நாம் சென்றபோது அறுவருள் ஜெய்மோ ஒருவரே எஞ்சியிருந்தார். ரசிகர்களின் ஆர்வம் கற்களைச் சேதப்படுத்தியதால் சுற்றிலும் இரும்பு வேலி இட்டிருக்கிறார்கள்.

தம்பி வேலியைப் பற்றிக்கொண்டு நின்றான். அண்ணனும் தம்பியும் கிடக்கும் இடம். அங்கே நம் வாய் தானாகத் திறந்தது. 1977 இல் அந்தத் தட்டு தொலையவில்லை. அவன் வேலை தேடி நாசிக் சென்றிருந்த வாரத்தில், நடைபாதையில் பழைய தட்டு விற்பவனிடம் நாம்தான் அதனைப் பதினைந்து ரூபாய்க்குக் கொடுத்தோம். வீடு மாற்றும் செலவுக்கு என்று நமக்கு நாமே கூறிக்கொண்டோம். உண்மையில் அந்த ஓசையிலிருந்து விடுபடவே கொடுத்தோம். நாற்பத்தேழு ஆண்டுகள் இதனை அவனிடம் சொல்லவில்லை.

“தெரியும் அண்ணா” என்றான். “ஊரிலிருந்து வந்த மறுநாளே அந்தக் கடையில் பார்த்தேன். நாற்பது ரூபாய் சொன்னான். என்னிடம் இல்லை.”

“கேட்டிருக்கலாமே?”

“கேட்டால் உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.”

பின்பு சற்று நேரம் கழித்து, “நாலாம் பக்கத்தில் ஒரு கீறல் இருந்தது. பாதியில் ஊசி துள்ளும். வாங்குகிறவனுக்குச் சொல்லிக் கொடு என்று கடைக்காரனிடம் சொல்லிவிட்டு வந்தேன்” என்றான்.

கீழே இருப்புப்பாதையில் சரக்கு வண்டி ஒன்று வந்தது. பெட்டிகளை எண்ணத் தொடங்கி, எழுபதுக்கு மேல் விட்டுவிட்டோம். அது கடந்து முடிந்ததும், கதவடைக்கும் நேரமாகிவிட்டது என்று தம்பியின் மகள் மேட்டிலிருந்து கையசைத்தாள்.