எல்லையூரில் ஒரு பந்தயப் பெட்டி

திருவனந்தபுரத்தினின்று நாகர்கோவில் செல்லும் பயணி வண்டியில் அமர்ந்தால், முன்பு நேமம் எனப்பட்ட திருவனந்தபுரம் தெற்கு, பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம் என நிலையங்கள் ஒவ்வொன்றாக வந்து, பாறசாலையோடு கேரளம் முடிந்துவிடுகிறது. அடுத்தது குழித்துறை மேற்கு, அது தமிழகம். 1979-இல் திறக்கப்பெற்ற இப்பாதையில் எல்லை எங்கே என்று தென்னைகளைப் பார்த்து அறிய முடியாது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நமது குடும்பம் அக்கோட்டின் இரு பக்கமும் கிடக்கிறது.

பாறசாலையில் தமக்கையார், நடக்கும் தொலைவில் களியக்காவிளையில் மூத்த தமையனார். பாகப் பிரிவினையில் எழுந்த மனத்தாங்கலால் இரு வீட்டுக்கும் 6 ஆண்டுகளாகப் போக்குவரத்து இல்லை. தமக்கையின் மக்கள் மலையாளப் பள்ளியில், தமையனாரின் மக்கள் தமிழ்ப் பள்ளியில் பயில்கின்றனர். வடநாட்டில் வளரும் நம் மகனோ இந்தியில் கனவு காண்கிறவன்.

முன்னொரு விடுமுறையில், வளைகுடாவிலிருந்து வந்த வானொலிக் கார்கள் இரண்டைத் தமக்கை வீட்டருகே சிறுவர் ஓட்டக் கண்டோம். இரண்டும் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் பழைய வகை. ஒருவன் விசையைத் திருப்பினால் இரண்டு கார்களும் திரும்பின! சண்டை மூண்டது; கார்கள் அலமாரிக்குச் சென்றன. 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் புதிய வகையில் இத்தொல்லை இல்லை. ஒவ்வொரு காரும் தன் கருவியின் ஆணையை மட்டுமே ஏற்கும். அவ்வகையில் 4 கார்களை ஒன்றன்பின் ஒன்றாக, ஈராண்டு மிச்சம் பிடித்து வாங்கினோம். மனையாள் கேட்ட கேள்விகள் ஈண்டு வேண்டா.

நிற்க. கார் மட்டும் இருந்தால் பந்தயம் ஆகாது, களம் வேண்டும். அதுவும் பெட்டியில் அடங்க வேண்டும். உறங்கும் வகுப்பில் இலவசச் சுமை 40 கிலோ என்பதை எழுத்தர் மறக்கலாமோ? தார்ப்பாய் ஒன்று தரையாயிற்று. ஓரத்திற்கு நம்மூர்த் தும்புக் கயிறே ஏற்றதென எண்ணினோம். பெருந்தவறு! உரசிய காரின் அச்சில் நார் சுற்றிக்கொண்டு, மோட்டார் சூடேறி நின்றது. அரை நாள் ஊசியால் நார் பிடுங்கினோம். பின்னர், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் பழைய குழாயை 2 மீட்டர்த் துண்டுகளாக அறுத்தோம். சென்ற இடத்தில் மணல் நிரப்பி, இரு முனையையும் கதம்பைத் துண்டால் அடைத்தால் போதும். மோதினால் காருக்கும் சேதமில்லை. மணலைச் சுமக்க வேண்டியதில்லை என்பது கூடுதல் இலாபம். லித்தியம் மின்கலங்களை மட்டும் ஆளில்லாத இடத்தில் மின்னேற்ற விடலாகாது. ஒன்று உப்பிப் போன பிறகே நாம் இதைக் கற்றோம்.

சென்ற கோடையில் தமக்கையின் முற்றத்தில் பாயை விரித்தோம். ஆளுக்கு 5 சுற்று. பிறகு கருவியை அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஓட்டி முடித்தவர் களத்தில் நின்று, கவிழும் கார்களை நிமிர்த்த வேண்டும். பந்தயக்காரரிடையே பல நாடுகளிலும் உள்ள வழக்கம் இது. மூன்றாம் நாள் தமையனாரின் மக்கள் இருவரும் சைக்கிளில் வந்து வேலியருகே நின்றனர். அண்ணியார் அனுப்பியிருக்க வேண்டும், நாம் வினவவில்லை. நம் மகன் ஓடிச்சென்று கருவியை நீட்டி, "இந்தா, உன் முறை" என்றான். தமிழில்தான்.

அந்தி சாயப் பிள்ளைகளை அழைக்கத் தமையனார் வந்தார். வாயிலைத் தாண்டவில்லை. சற்று நேரம் பார்த்திருந்தவர், "வளைவுக்கு முன்னமே வேகத்தைக் குறைடே!" என்றார். தமக்கையார் சாயாவோடு வாயிலுக்கே போனார். "அண்ணா, ஆறிப்போவும்" என்றார். தமையனார் நின்றபடியே குடித்தார். மறுநாளும் வந்தார்; அன்றும் வாயிலில்தான் நின்றார்.

பெட்டியைத் தமக்கை வீட்டில் விட்டுவிட்டு வண்டியேறினோம். சென்ற வாரம் மருமகள் தொலைபேசியில், "மாமா, ஒரு காரு திரும்ப மாட்டேங்குது, பல்சக்கரத்தில் பல்லு போச்சு" என்றாள். புதிது வாங்கி அஞ்சலில் அனுப்புவதாகச் சொல்லி, முகவரியைச் சரிபார்க்கலானோம். "இங்க வேண்டாம் மாமா, பெட்டி இப்ப பெரிய மாமா வீட்டுல இருக்கு" என்று சொல்லிக் களியக்காவிளை முகவரியைக் கூறினாள்.