கப்ர் இல்லாத உம்மும்மா

எமது ஊர்களில் மரணம் பிள்ளைகளுக்கு மறைத்து வைக்கப்படும் ஒன்றல்ல. ஒரு வீட்டில் மௌத் நடந்தால் முற்றத்தில் கதிரைகள் நிறையும், பள்ளிவாசலில் இருந்து சந்தூக்கு வரும், உள்ளே யாஸீன் ஓதும் சத்தம் கேட்கும். கபனிட்டு முகத்தை மூடுமுன் பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டுவார்கள். ஆண்பிள்ளைகள் மையவாடி வரை போய், பெரியவர்களைப் பார்த்து மூன்று பிடி மண் போடுவார்கள். யாரும் விளக்கம் சொல்வதில்லை. பிள்ளை கண்ணாலும் கையாலும் விளங்கிக் கொள்கிறது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஊடாக வரும் வீதியில், தேயிலை மலைகளுக்கு நடுவே இருக்கிறது கலஹா. இங்கு வளரும் பிள்ளைக்கு மற்றவர்களின் மரணமும் தெரியும். சிங்கள வீட்டு மையத்துக்கு வீதியோரம் கட்டும் வெள்ளைக் கொடியும், தோட்டத்தில் இருந்து வரும் தப்புச் சத்தமும் தெரியும். சிலர் எரிப்பார்கள், சிலர் அடக்குவார்கள், நாங்கள் அடக்குவோம் என்பதும் அதற்குத் தெரியும்.

2021 ஜனவரியில் என் உம்மா கொரோனாவில் மௌத்தானபோது இவற்றில் எதுவுமே நடக்கவில்லை. அடக்கவும் எரிக்கவும் இரண்டுக்குமே உலக சுகாதார அமைப்பு இடம் தந்திருந்தது. ஆனால் 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி, இந்நாட்டில் கொரோனா மையத்துக்கள் எரிக்கப்பட வேண்டும் என்றது. நிலத்தடி நீர் கெடும் என்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில் இருபது நாள் சிசுவையே எரித்தார்கள். உம்மாவின் முகத்தை வீட்டில் யாரும் பார்க்கவில்லை. குளிப்பாட்டவில்லை, கபனிடவில்லை. சாம்பலை நாங்கள் எடுக்கப் போகவுமில்லை.

தங்கைக்கு இரண்டு பிள்ளைகள். மகனுக்கு அப்போது ஐந்து வயது, மகளுக்கு ஒன்பது. சின்னவன் தினமும் கேட்டான்: "உம்மும்மா எப்ப வார?" பெரியவள் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் கேட்டாள்: "அடக்கிறத்துக்குக் காகம் தானே காட்டிக் குடுத்த. அப்ப ஏன் எரிச்ச?" ஆதமின் மகனுக்கு அடக்கம் செய்யக் காகம் காட்டித் தந்த குர்ஆன் சம்பவத்தை அவள் மத்ரஸாவில் படித்திருந்தாள்.

உறவினர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். உறங்குகிறா என்று சொல்லுங்கள், தூரத்தில் அடக்கியாயிற்று என்று சொல்லுங்கள் என்றார்கள். தங்கை உடன்படவில்லை. "கபுறக் காட்டச் செல்லிக் கேட்டா எங்க காட்டுற?" என்றாள்.

அவள் சொன்னது சரி. புடாபெஸ்டில் 3 முதல் 10 வயது வரையான பிள்ளைகளை ஆராய்ந்த மரியா நாகி, 1948இல் தன் முடிவுகளை வெளியிட்டார். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் மரணத்தை ஒரு பயணம் போலவோ உறக்கம் போலவோ எண்ணுகிறார்கள் என்பது அவர் கண்டது. அந்தப் பிள்ளையிடம் உறங்குகிறா என்றால் அது விடியும்வரை காத்திருக்கும், இல்லையேல் தான் உறங்கவே பயப்படும். ஆகவே சின்னவனிடம் நேராகச் சொன்னோம். உம்மும்மா மௌத்தாகிவிட்டா. இனி மூச்சு இல்லை, பசி இல்லை, நோவு இல்லை. வரமாட்டா. றூஹ் அல்லாஹ்விடம் போய்விட்டது. ஒரே பதிலைப் பல தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பெரியவளின் கவலை நெருப்பு. றூஹ் பிரிந்த உடம்புக்கு எங்களைப் போல நோவு தெரியாது என்றோம். பள்ளி மௌலவி ஹதீஸ் ஒன்றைச் சொன்னார். அல்லாஹ்வுக்குப் பயந்த ஒருவர் தன்னை எரித்துச் சாம்பலைத் தூவிவிடும்படி மக்களிடம் சொல்லி மௌத்தானார். அல்லாஹ் அவரை ஒன்று சேர்த்து மன்னித்தான். சாம்பலாகிப் போனவரும் அவனுக்குத் தொலைவதில்லை என்று அவள் பிடித்துக்கொண்டாள். ஆயினும் நடந்தது அநியாயம் என்பதையும் நாங்கள் அவளிடம் மறைக்கவில்லை.

அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது. "நான் உம்மும்மாட கிட்டப் போனத்தால தானே வருத்தம் வந்த?" என்று ஓரிரவு தாயிடம் அழுதிருக்கிறாள். கிட்டப் போகாதே, தொற்றும் என்று அந்த நாட்களில் எல்லா வீடுகளிலும் சொன்னோமே! நபியவர்களின் மகன் இப்றாஹீம் மௌத்தான அன்று சூரிய கிரகணம் பிடித்தது. அவருக்காகத்தான் என்று மக்கள் பேசினார்கள். எவருடைய மரணத்துக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபியவர்கள் திருத்தினார்கள். மகனை இழந்த அன்றும் காரணத்தைப் பிழையாக விளங்க அவர்கள் விடவில்லை. நோயை நீ கொண்டுவரவில்லை என்று பெரியவளிடம் தெளிவாகச் சொன்னோம், ஒரு தடவையல்ல.

அபூ உமைர் என்ற சிறுவனின் குருவி செத்தபோது, அவனைப் பெரியவரைப் போலப் பேர் சொல்லி அழைத்து, குருவிக்கு என்னவாயிற்று என்று நபியவர்கள் கேட்டார்கள். பிள்ளை பேசுவதற்கு ஒரு வழி அது. நாங்களும் உம்மாவைப் பற்றிப் பிள்ளைகளைப் பேசவிட்டோம். காயிப் ஜனாஸாத் தொழுகையில் இருவரையும் எங்களோடு நிறுத்தினோம்.

2021 பெப்ரவரி 25ஆம் திகதி அடக்க அனுமதி வந்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. எங்களுக்கு அது சில வாரங்கள் பிந்திவிட்டது. 2024 ஜூலையில், கட்டாயமாக எரித்ததற்காக அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. செய்தியை வாசித்த பெரியவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

"ஆருக்கிட்ட மன்னிப்புக் கேட்ட? உம்மும்மாக்கிட்டயா?" என்றாள்.

"எங்களுக்கிட்ட" என்றாள் தங்கை.

சற்று யோசித்துவிட்டு, உம்மாவின் முழுப் பெயரையும் மௌத்தான திகதியையும் என்னிடம் கேட்டாள். உம்மா ஓதிய யாஸீன் கிதாபின் முதல் பக்கத்தில் இரண்டையும் எழுதி வைத்தாள்.