465 நாள் சம்பளம்

போனக்காடு,
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்கு முட்டுவலி தேவலையா?

மத்தியானம் விதுராவிலிருந்து பஸ் பிடித்து வந்தேன். நம் தேயிலைத் தோட்ட லயத்துத் திண்ணையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக் கூரை பாதி போய்விட்டது. நீலத் தார்ப்பாய் கட்டி, காற்றுக்குப் பறக்காமல் கல் வைத்திருக்கிறார்கள். நம் அடுப்படிச் சுவரில் அம்மா வேலைநாள் எண்ணிப் போட்ட கரிக்கோடுகள் மட்டும் இன்னும் அழியவில்லை.

போனில் சொன்னேனே, அந்த மாநாட்டு வேலையாகத்தான் வந்தேன். ஏழை ஜனங்களுக்கு அவர்கள் ஊரிலேயே நீதி கிடைக்க எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று வக்கீல்களும் சட்ட உதவித் தொண்டர்களும் இரண்டு நாள் கூடிப் பேசப்போகிறோம். திருவனந்தபுரத்தில் மண்டபம் பேசியாகிவிட்டது. நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தால், பேசுகிறவர்கள் அத்தனை பேரும் படித்தவர்கள். வழக்கோடு அலைந்தவர் ஒருவர்கூட இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டாம் நாளைப் போனக்காட்டில், வேலைக்குப் பேர் கூப்பிட்டு மஸ்டர் எடுத்த முற்றத்தில் வைப்போம் என்றேன். ரோடு மோசம், மழை வரும் என்று தயங்கினார்கள். அகத்தியர் மலை ஏறவும் பேய் பங்களா பார்க்கவும் எத்தனையோ பேர் இந்த ரோட்டில்தான் வருகிறார்கள், நமக்கென்ன என்று கேட்டேன். ஒப்புக்கொண்டார்கள்.

சட்டத்தில் குறையில்லை அக்கா. நீதிபதி கிருஷ்ணய்யர் தலைமையிலான குழு 1973-லேயே சட்ட உதவி பற்றி அறிக்கை கொடுத்தது. 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும். மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் கட்டணம் இல்லை, அங்கே முடிந்தது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். ஆனால் அது இரு தரப்பும் சம்மதித்து முடிக்கிற இடம். அப்பீலும் கிடையாது. வீட்டில் அரிசி இல்லாதவள் பாதித் தொகைக்கே தலையாட்டிவிடுவாள். தனக்கு வரவேண்டியது எவ்வளவு என்று தெரியாமல் அவளைச் சமரசத்துக்கு உட்கார வைப்பது நீதியே இல்லை. இதைத்தான் மாநாட்டில் அழுத்திச் சொல்லப்போகிறேன்.

அம்மா கணக்கையே எடுத்துக்கொள். பணிக்கொடைக்கான கிராஜுவிட்டி சட்டம் 1972-இல் வந்தது. ஒரு வருஷ சர்வீஸுக்கு 15 நாள் சம்பளம், வேலையை விட்ட 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். அம்மாவுக்கு 31 வருஷம். 465 நாள் சம்பளம்! இத்தனை காலமாகியும் கைக்கு வரவில்லை. இந்த எண்ணை யாராவது அம்மாவிடம் சொன்னார்களா? வந்த கடிதமெல்லாம் மலையாளத்தில். அம்மாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும்.

அதனால் நீ அம்மாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். டிரங்குப் பெட்டியில் இருக்கும் பழைய சம்பளச் சீட்டுகளை ஒன்று விடாமல் எடுத்து வா. முதலில் அம்மா பேசட்டும். தமிழிலேயே பேசட்டும், நான் பக்கத்தில் நின்று மலையாளத்தில் சொல்கிறேன். அதற்குப் பிறகு வக்கீல்கள் பேசட்டும். இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் அன்றைக்கே கணக்குப் போட்டு, தொகையைத் தமிழில் எழுதிக் கையில் கொடுக்க ஆள் ஏற்பாடு செய்திருக்கிறேன்.

செங்கோட்டையில் தென்மலை வழி திருவனந்தபுரம் பஸ் ஏறி, பாலோட்டில் இறங்கிவிடு. நான் ஜீப்போடு நிற்கிறேன். அம்மாவுக்குக் கம்பளி மறக்காதே, ராத்திரி குளிர் தாங்காது. கிளம்புவதற்கு முன் அந்த 465-ஐ அம்மாவிடம் சொல்லிவிடு. இங்கே வரும்போது அது அவள் வாயிலேயே இருக்கட்டும்.

உன் அன்புத் தங்கை