பிரமன் மலையில் குதிரைச் சவாரி

தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பத்தாருக்கும் குதிரைக்கும் உள்ள சிநேகம் பெரும்பாலும் தூரத்துச் சிநேகம்தான். ஐயனார் கோயில் வாசலில் மண்குதிரையைப் பார்த்திருப்பார்கள். திருவிழாவில் சுவாமி எழுந்தருளும் குதிரை வாகனத்தைச் சேவித்திருப்பார்கள். தேசிங்கு ராஜன் கதையைக் கேட்டுக் கண் கலங்கியிருப்பார்கள். நரிகள் பரிகளான திருவிளையாடலை நாமே வகுப்பில் பல முறை சொல்லியிருக்கிறோம். ஆனால் உயிருள்ள குதிரையின் முதுகில் ஏறி உட்காரும் பாக்கியம் நாற்பத்தாறு வயது வரையில் நமக்குக் கிட்டவில்லை. கிட்ட வேண்டுமென்று நாம் எந்தத் தெய்வத்தையும் வேண்டிக் கொண்டதும் இல்லை.

ஆசை இருந்ததெல்லாம் நம் இல்லாளுக்கு. சென்ற கோடை விடுமுறையில் ஜாவாத் தீவுக்கு யாத்திரை போவதென்று தீர்மானமானபோது, போரோபுதூர், பிரம்பானன் என்று நாம் ஆலயங்களாக எழுதிய ஜாபிதாவின் அடியில், 'பிரோமோ மலை, குதிரை' என்று இரண்டே வார்த்தைகளை அவள் சேர்த்துவிட்டாள்.

பிரோமோ என்பது வேறொன்றுமில்லை, நம்முடைய பிரமன்தான். கிழக்கு ஜாவாவில் 2,329 மீட்டர் உயரத்தில் ஓயாமல் புகைந்து கொண்டிருக்கும் எரிமலை அது. அதற்குத் தெற்கே 3,676 மீட்டர் உயரத்தில் நிற்கும் சிகரத்துக்குச் செமேரு என்று பெயர், அதாவது மகாமேரு. சுற்றிலும் வாழும் தெங்கர் மக்கள், தீவின் பெரும்பாலோர் இஸ்லாத்தைத் தழுவிய பிறகும் ஹிந்துக்களாகவே இருப்பவர்கள். ரோரோ ஆந்தெங் என்ற ராஜகுமாரியும் ஜோகோ செகெர் என்ற கணவனும் பிள்ளை வரம் வேண்டி இம்மலையில் தவமிருந்தார்களாம். பிறந்த 25 குழந்தைகளில் கடைக்குட்டியை எரிமலை கேட்டு வாங்கிக் கொண்டதாம். தம்பதிகளின் பெயர்க் கடைசி அசைகளைச் சேர்த்தால் 'தெங்கர்' என்று வரும். இன்றும் ஆண்டுதோறும் காசாதா மாதத்தில் காய்கறியும் கோழியும் ஆடும் பணமும் கொண்டு வந்து எரிமலையின் வாயில் போடுகிறார்கள். பிள்ளைக்கறி கேட்ட கதை தெரிந்த நமக்கு இதைக் கேட்டு ஆச்சரியம் உண்டாகவில்லை. கண்ணில் சிறிது நீர்தான் வந்தது.

இருட்டோடு ஜீப்பில் ஏறிப் பெனாஞ்ஜாகான் சிகரத்தில் சூரியோதயம் பார்த்துவிட்டு, மலைகளுக்கு நடுவே கிடக்கும் மணற்கடலில் இறங்கினோம். கடல் என்பது மிகையல்ல. பழைய பெரிய எரிமலை ஒன்று உள்ளே சரிந்து உண்டான அகன்ற பள்ளம் அது. எங்கே பார்த்தாலும் சாம்பல் நிற மணல், ஒரு பக்கம் மடிப்பு மடிப்பாகப் பாவாடை கட்டினாற்போன்ற பாத்தோக் குன்று, அடிவாரத்தில் தனியாக ஒரு கோயில். ஜீப்பு அதற்கு மேல் போகாது. எரிமலையின் படிக்கட்டு வரையில் நடக்க வேண்டும், அல்லது குதிரை.

குதிரைகள் வரிசையாக நின்றன. அவர்கள் பாஷையில் குதிரைக்கு 'கூடா' என்று பெயர். கப்பலுக்குக் 'காப்பால்', கடைக்குக் 'கெடாய்' என்று சொல்லும் பாஷையில் இது நம் குதிரையே உருமாறிப் போனதாக இருக்கலாமென்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள். இந்த ஆராய்ச்சியைச் சற்று விஸ்தாரமாகவே சொல்லிக் கொண்டு நின்றோம். இல்லாள் அதற்குள் ஒரு செவலைக் குதிரைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "ஏறுங்கள்! நீங்கள் வியாக்கியானம் முடிப்பதற்குள் குதிரைக்குக் கிழப்பருவம் வந்துவிடும்" என்றாள்.

நமக்கென்று வந்த குதிரை நம் தோளுயரந்தான் இருந்தது. பிடித்து வந்தவர் அறுபதைத் தாண்டிய பெரியவர். கைலியைப் போர்வையாகத் தோளைச் சுற்றி முடிந்திருந்தார். நம் தயக்கத்துக்குப் பயம் மட்டும் காரணமல்ல. துரைமார் குதிரைமேல் போக, பக்கத்தில் குதிரைக்காரன் மூச்சிரைக்க ஓடுவான் என்று பாட்டனார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்தத் தேசமும் டச்சுக்காரரிடம் வெகுகாலம் அகப்பட்டிருந்து, 1945-ஆம் வருஷம் ஆகஸ்டு 17-ஆம் தேதி சுதந்தரப் பிரகடனம் செய்த தேசம். இங்கே வந்து, ஒரு கிழவர் புழுதியில் நடக்க, நாம் மேலே உட்கார்ந்து போவதா? நடந்தே வருகிறோம் என்று ஜீப்போட்டி வந்த இளைஞனிடம் ஆங்கிலத்தில் சொன்னோம். அவன் சிரிக்கவில்லை. "நீங்கள் நடந்தால் அவர் வெறுங்கையோடு வீட்டுக்கு நடக்க வேண்டும், ஐயா" என்றான். இதற்கு நம் தேசபக்தியில் பதில் இல்லை.

இடப்பக்கமாகத்தான் ஏற வேண்டுமாம். இடது காலை அங்கவடியில் வைத்து எழும்பியபோது, ஆகாயம் ஒரு முறை சுற்றி வந்து பழைய இடத்தில் நின்றது. தரையில் தோளுயரம் இருந்த பிராணி, மேலிருந்து பார்க்கும்போது கோபுர உயரம் இருந்தது. பெரியவர் நம் பாதத்தைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்து, முன்பாதம் மட்டும் அங்கவடியில் பதியும்படி வைத்தார். விழுந்தால் கால் மாட்டிக் கொள்ளாமல் இருக்கவே இந்த ஏற்பாடு என்று மொழிபெயர்ப்பு வந்தது. விழுவதைப் பற்றிய பேச்சை அந்த இளைஞன் மொழிபெயர்க்காமலே இருந்திருக்கலாம்.

"சந்தாய், பாக்" என்றார் பெரியவர். பதறாமல் இருங்கள் என்று அர்த்தம். 'பாக்' என்பது தகப்பனார் முறையில் சொல்லும் மரியாதை. நாமும் அவரைப் 'பாக்' என்றே அழைத்தோம். உத்தியோகம் என்னவென்று விசாரித்தார். உபாத்தியாயர் என்று சொல்லப்பட்டது. அவர் முகம் மலர்ந்து, "ஓ, பாக் குரு!" என்றார். ஜாவாவில் பள்ளிக்கூட வாத்தியாருக்கு இன்றும் குரு என்றே பெயர். அதுமுதல் பத்தடிக்கு ஒரு முறை, "சந்தாய், பாக் குரு!" சேணத்தின் முன்கொம்பை இரு கைகளாலும் கட்டிக் கொண்டு, பல்லைக் கடித்தபடி குருபீடத்தில் நாம் எழுந்தருளியிருந்தோம்.

கணக்குப் பலகையின் முன்னால் நடுங்கும் பையன்களிடம் 'பயப்படாதே' என்று இருபது வருஷமாகச் சொல்லி வருகிறோம். அந்த வார்த்தையைக் கேட்பவனுடைய வயிறு எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குச் சற்று நிதானமாக அனுபவித்தோம். மழைநீர் அரித்த ஓடையொன்று குறுக்கிட்டது. குதிரை தலையைத் தாழ்த்தியது. நம் எதிரே பிடரி மயிர் இருந்த இடத்தில் வெறும் பள்ளம். பெரியவர் இப்போது 'சந்தாய்' சொல்லவில்லை. நம் முழங்காலின்மேல் ஒரு கையை வைத்து, மறுகையால் பாத்தோக் குன்றைக் காட்டி, "அதைப் பாருங்கள்" என்று ஜாடை செய்தார். நிமிர்ந்து பார்த்தோம். நிமிர்ந்ததால் உடம்பு தானே பின்னுக்குச் சாய்ந்தது. இறக்கத்தில் பின்னுக்கும் ஏற்றத்தில் முன்னுக்கும் சாய வேண்டுமென்பதுதான் சவாரியின் முதற்பாடம். அதை விளக்காமலே அவர் நடத்தி முடித்துவிட்டார். குதிரை அக்கரை ஏறி நின்று தும்மியது.

படிக்கட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சுமார் 250 படிகள், ஏறினால் விளிம்பு, விளிம்புக்குக் கீழே கந்தக நெடியோடு இரைச்சலிடும் பாதாளம். 2004-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் இந்த மலை திடீரென்று சீறி இருவர் உயிரைக் கொண்டதென்று அறிந்திருந்தபடியால், கடைக்குட்டிப் பிள்ளையை நினைத்து ஒரு பூங்கொத்தைப் போட்டுவிட்டு விரைவாகவே இறங்கினோம்.

கீழே பெரியவர் காத்திருந்தார். இம்முறை நாமே இடப்பக்கம் போய் நின்றதைக் கண்டு தலையசைத்தார். ஓடையைத் தாண்டிச் சமதரைக்கு வந்ததும் கயிற்றைச் சுருட்டிச் சேணத்தில் மாட்டிவிட்டு, கடிவாள வாரை நம் கையில் கொடுத்து, விலகி நடந்தார். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. குதிரையின் காதுகள் இரண்டும் ஒரு முறை பின்னால் திரும்பின. மேலே இருப்பது யாரென்று விசாரித்தன போலும். வாரை இறுக்காமலும் விடாமலும் பிடித்துக் கொண்டோம். நான்கு குளம்புகளும் ஒவ்வொன்றாக மணலில் பதியும் ஓசை கேட்டது; அதுவரையில் நம் நெஞ்சு அடித்துக் கொண்ட ஓசையில் அது கேட்கவே இல்லை. கோயில் மதில் வரையில் இருநூறு அடி தூரம் இருக்கலாம். பெரியவர் கைகளைப் பின்னால் கட்டிக் கொண்டு, நம்மைத் திரும்பியும் பாராமல், ஏதோ பாட்டை முனகியபடி நடந்து வந்தார்.

ஜீப்பின் அருகில் இறங்கியதும் கால்கள் இரண்டும் நமக்குச் சொந்தமானவையாக இல்லை. பேசிய கூலிக்கு மேல் சிறிது கொடுத்தோம். அதை எண்ணிப் பாராமல் மடியில் செருகிக் கொண்ட பெரியவர், நம்மிடம் என்ன பாடம் நடத்துகிறீர்கள் என்று கேட்கச் சொன்னார். கணக்கு என்றதும் இரண்டு கைகளையும் உயரத் தூக்கி, அம்மாடி என்பது போல ஒரு சத்தம் போட்டார்.

"சந்தாய், பாக்" என்றோம் நாம்.

சுரபாயாவில் மறுநாள் ஹோட்டல் மாடிப்படியில் நாம் பக்கவாட்டில் இறங்க வேண்டியிருந்தது. இல்லாளுக்கு ஒரு வலியும் இல்லை. ஊர் திரும்பும் விமானத்தில், உதகமண்டலத்து ஏரிக்கரையில் குதிரை வாடகைக்குக் கிடைக்குமாமே என்று பேச்சுவாக்கில் விசாரித்தாள். என்ன கூலி கேட்பார்கள் என்று நாம் பதிலுக்கு விசாரித்தோம்.